தலை குனிந்ததால் தப்பித்தோம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் எனக்குச் சொந்தமாக ஓடுகின்றன. சேரப்பணஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.

போன வருடம் ஒரு பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்துக்காக உருகி ஜெபித்தேன். கிடைக்கவில்லை. அன்றோடு மனதை இறுக்கிக்கொண்டேன். சபைக்கும் போகவில்லை, வண்டி எடுக்கும்முன் செய்யும் ஜெபத்தையும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை டிரைவர் வராததால், கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு நானே கிளம்பினேன். என் மனைவி எஸ்தர் வேனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஒரு நிமிசம் தலய குனிஞ்சா இன்னாய்யா கொறஞ்சி பூடும் உனக்கு?"

"நவுரு எஸ்தரு. இது நான் சம்பாரிச்ச வண்டி. எனக்கு ஓட்டத் தெரியும்."

உள்ளேயிருந்து ஒரு திருநெல்வேலிப் பெண் குரல் கொடுத்தாள்: "ஐயா, அம்மா நகரமாட்டாங்க. சீக்கிரம் ஜெபத்த முடிங்க, ஷிப்டுக்கு நேரமாவுதுல்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் இறங்கி, எஸ்தர் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். வீம்புக்குக் கண்ணை மட்டும் மூடவில்லை. அப்போதுதான் பார்த்தேன், முன்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெண்களோடு நெடுஞ்சாலையில் போயிருந்தால்? அவர்களை வேறு வேனில் அனுப்பிவைத்தேன்.

இப்போது தினமும் முதல் வண்டிக்கு நானே ஜெபிக்கிறேன், கேட்டது கிடைக்காத நாளிலும். ஆனால் சக்கரத்தைப் பார்த்தபடிதான்.

"கண்ண மூடுய்யா" என்பாள் எஸ்தர்.

"ஆண்டவர் எனக்குக் காட்டுனதே கண்ணத் தொறந்திருந்தப்போதான்" என்பேன்.