கண்டக்டரைப் பாராட்டிய வீடு

முதலில் ஒரு துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து பெரியவரின் முகத்தில் போர்த்துவாள். முள்முள்ளாக நிற்கும் தாடி ஊற வேண்டும். அதற்குள் கிண்ணத்தில் சோப்பு நுரையைக் குழைத்து, அவர் கழுத்தைச் சுற்றிப் பழைய தலையணை உறை ஒன்றைச் செருகி விடுவாள். பக்கவாதத்தில் அவருடைய இடது கன்னம் தொய்ந்து போயிருந்தது. அப்படியே பிளேடு வைத்தால் தோல் சுருண்டு வெட்டிவிடும். கையுறை போட்ட விரலை வாய்க்குள் விட்டு, கன்னத்தை உள்ளிருந்து வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுப்பாள். வலது கன்னத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. அவரே காற்றடைத்து உப்பிக் கொடுப்பார். அவரால் தானாகச் செய்ய முடிந்த சில காரியங்களில் அது ஒன்று. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூக்குக்குக் கீழே பிளேடு வரும்போது, "ஹோல்டான்" என்பார்.

"வண்டி நின்னுக்கிட்டுதான் இருக்கு டிரைவரே. மீசை மேல ஏத்திர மாட்டேன்."

"ரைட்" என்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்தபின் திரும்பி வந்த வார்த்தைகள் மூன்றே மூன்று. ரைட், ஹோல்டான், அப்புறம் குறுக்கே புகுந்து போகும் ஸ்கூட்டர்காரர்களைப் பார்த்துச் சொல்வாரே, அது. அந்த மூன்றாவது வார்த்தை வரும்போதெல்லாம் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்திலிருந்து அவள் வந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நிற்காமல் போயிருந்தார்கள். ஒருவர்மேல் பெரியவர் சோற்றைத் துப்பினார், இன்னொருவரின் கையைக் கடித்தார். மூன்றாவதாக நீலக் கோட்டும், தோளில் குறுக்கே தொங்கும் பையுமாக இவள் கதவருகே நின்றதும், என்ன தோன்றியதோ, "ரைட்" என்றார். அவருக்கு அந்த வார்த்தை திரும்பி வந்ததே அன்றைக்குத்தான். அவளும் அசராமல், "ஆளெல்லாம் ஏறியாச்சு, எடுக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் கண்டக்டர். மகனும் மருமகளும் கூப்பிடுவது அக்கா. ஆறாவது படிக்கும் பேத்திக்கு மட்டும் கண்டக்டர் அத்தை.

பிளேடு பிடிக்க அவள் பழகியது அண்ணனிடம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தவர். "தாடியோட கெடந்தா செத்தவன் மாதிரி இருக்கேன், செரைச்சு விடு" என்று கத்துவார். நன்றாகச் செய்தால் பேசமாட்டார், கீறினால் தெருவுக்கே கேட்கும். அவர் பேசாமல் இருந்ததைத்தான் அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அவர் போனபின் தெரிந்த வேலை இது ஒன்றுதான் என்று இந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். யாராவது முகத்துக்கு நேரே நல்ல வார்த்தை சொன்னால் அவளுக்கு உடனே எதையாவது மடிக்க வேண்டும். துண்டு, போர்வை, அகப்படாவிட்டால் நேற்றைய பேப்பர்.

அந்த வீடும் லேசுப்பட்டதல்ல. நன்றி என்ற சொல்லை அங்கே யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சமையல் நன்றாக இருந்தால் தட்டை இன்னொரு முறை நீட்டுவார்கள். அதோடு சரி. ஆனாலும் இவளுக்கு ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று எல்லோருக்கும் உறுத்தியது. மருமகள் ஜன்னலோரம் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். கண்டக்டர் அதில் பெரியவரின் துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவிட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மகன் நல்ல குடையாக ஒன்று கொடுத்தான். மறுநாள் மழையில் பழைய குடையோடுதான் வந்தாள்.

"அந்தக் குடை எங்கக்கா?"

"வீட்ல இருக்கு தம்பி. புதுசு, நனைஞ்சிரும்."

பேத்தி ஒரு பஸ் வரைந்து கொடுத்தாள். தாத்தா ஓட்டுகிறார், அத்தை படியில் நின்று விசில் ஊதுகிறாள். கண்டக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பஸ்ஸு காலியாத்தான இருக்கு. நான் ஏன் படியில தொங்குறேன் பாப்பா?" என்று கேட்டுவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மடித்துவிட்டாளே என்று பேத்திக்கு அன்றைக்கெல்லாம் முகம் சரியில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அவளாகக் கேட்டிருந்தாள், வந்த புதிதில். மகன் வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட் மாட்டி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்து, "தம்பி, எங்க ஆபீஸ்ல பிளேடு, நகவெட்டியெல்லாம் நாங்க தொடவே கூடாதும்பாங்க. அப்பாவுக்கு நான் பண்றது வீட்டோட இருக்கட்டும்" என்றாள். "சரிக்கா, சரிக்கா" என்றான் அவன். தெருமுனை திரும்பும்போது அது ஹெல்மெட்டை விட்டே போய்விட்டது. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவன் சொல்ல மறந்தவற்றில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

ஒரு வருஷம் ஆனதும் நிறுவனத்திலிருந்து மருமகளுக்கு போன் வந்தது. எங்கள் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஒரு பெண் மரியாதையாக விசாரித்தாள். ஒரு வருஷமாக யாரிடம் சொல்வது என்று மருமகள் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது.

"எங்க வீட்டு ஆளுங்களே இப்படிப் பாக்க மாட்டோம்ங்க. எங்க மாமா கிட்ட போனாலே கடிப்பாரு, இவங்க கைக்கு மட்டும் கொழந்தை மாதிரி. வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது. இருங்க, ஒரு வீடியோ அனுப்புறேன்."

போன வாரம் பேத்தி எடுத்த வீடியோ அது. வெந்நீர்த் துண்டு, நுரை, வாய்க்குள் விரல், ஹோல்டான், ரைட், எல்லாம் இருந்தது. கடைசியில் நகவெட்டியோடு பெரியவரின் கையை எடுத்து, "டிக்கெட் கிழிக்கணும், வெரலைக் காட்டுங்க" என்று கண்டக்டர் சொல்வதும், அவர் வாய் கோணச் சிரிப்பதும் இருந்தன. அனுப்பிவிட்டு மருமகள் தானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டாள். ராத்திரி புருஷனிடம் சொன்னாள். "நல்ல காரியம் பண்ணின" என்று அவனும் தட்டை நீட்டினான்.

மறுநாள் காலை கண்டக்டர் பெரியவருக்கு மசித்த சோற்றை ஊட்டிக்கொண்டிருக்கையில் அவளுடைய போன் அடித்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "சரி மேடம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சரி மேடம். அப்புறம் மிச்சச் சோற்றையும் ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, அலமாரியில் மடித்து வைத்திருந்த துண்டுகளை வெளியே எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

மருமகளுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "என்னக்கா, ஆபீஸ்ல பாராட்டினாங்களா?"

"வீடியோ அனுப்புனீங்களாம் பாப்பாம்மா."

"ஆமாக்கா. பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்களாம்." துண்டின் ஓரத்தை நீவினாள். "பிளேடு தொட்டது தப்பாம். இன்னியோட இங்க முடிஞ்சுது. சாயங்காலம் மேடம் புது ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. என்னை இனிமே எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டாங்களாம். ஆபீஸ்ல துணி தோய்க்கிற எடத்துல போடுறாங்க."

மருமகளுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்ததும் போனை எடுத்தாள். நேற்று மரியாதையாகப் பேசிய அதே பெண்தான் எடுத்தாள்.

"அவங்களா பண்ணலைங்க. நாங்கதான் பண்ணச் சொன்னோம்."

"சேரும்போது நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இந்த விதி இருக்கே மேடம். அப்போ உங்க வீட்டுக்கு ஆள் அனுப்புறதையே நாங்க யோசிக்கணும்."

"ஐயோ, அப்படியில்ல. நாங்க சொல்லல. மாமாதான் வேற யாரையும் தொட விட மாட்டாரு. ஒரு தடவை கூடக் கீறினதில்ல. மாத்திரை கூட, நான் வர லேட்டானா அவங்கதான் மறக்காம..."

"மாத்திரையும் குடுக்குறாங்களா?"

அதோடு மருமகள் போனை வைத்துவிட்டாள். வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமானது.

மத்தியானம் மகன் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொன்னாங்க. ஹெல்மெட் போட்டிருந்தேன்."

"கழட்டுன பொறவாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவன் எழுந்தான். உள்ளே போய், "அக்கா, நான் வேணா நேர்ல வந்து..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம் தம்பி. நீங்க போய் நல்லதா நாலு வார்த்தை சொன்னா அந்தத் துணி வேலையும் போயிரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெரியவரிடம் யார் சொல்வது என்று சமையலறையில் பேச்சு வந்தது. "உங்க அப்பாதான, நீங்க சொல்லுங்க." "நீ சொன்னா கேப்பாரு." "என்னன்னு சொல்றது?" பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தார்கள். பேச்சு அங்கேயே நின்றது.

சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மா வந்தார். கூடவே புது ஆள், வாட்டசாட்டமாக, அதிகம் பேசாதவனாக. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. மருமகளைத் தனியே கூப்பிட்டு, "போன வருஷம் ஒரு வீட்ல எங்க ஆளு செரைக்கும்போது நோயாளிக்குப் பிளேடு பட்டுப் பெரிய கேஸாயிருச்சும்மா. எனக்கு மேலயும் ஆள் இருக்கு. வீடியோ அவங்க கைக்குப் போயிருச்சு. வாயால சொல்லியிருந்தீங்கன்னா நான் கேக்காத மாதிரி விட்டிருப்பேன்" என்றார். மருமகளுக்கு இதைவிட அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். அன்றைக்கு முறை. பகல் தூக்கம் கலைந்து பெரியவர் தயாராக இருந்தார். கண்டக்டர் அவரை எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் தலையணை முட்டுக் கொடுப்பது என்று புது ஆளுக்குக் காட்டினாள். "தூக்கும்போது ரைட்டுன்னு சொல்லுங்க. சொல்லலைன்னா ஒடம்பைக் குடுக்க மாட்டாரு." அவன் தலையாட்டினான். பிறகு துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். முகம் துடைக்கலாம், அதற்குத் தடையில்லை. துடைத்து எடுத்தாள்.

பெரியவர் வலது கன்னத்தை உப்பினார்.

சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேத்தி அவள் பின்னால். கன்னம் உப்பியபடியே இருந்தது. கண்டக்டர் துண்டை உதறி, நான்காக மடித்து, கட்டில் கம்பியில் போட்டாள். பிறகு அதை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தாள்.

கன்னத்தில் இருந்த காற்று மெல்ல இறங்கியது. பெரியவர் அவளைப் பார்த்தார், கிண்ணம் இருக்கும் இடத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "ஹோல்டான்?" என்றார். யாரும் அசையாததைக் கண்டு, நல்ல பக்கத்துத் தோளை ஊன்றி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்குத் தன்னை மறந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

கண்டக்டர் பையைத் தோளில் குறுக்கே மாட்டினாள். மருமகள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். நன்றி என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நேற்றுச் சொன்னதே போதும் என்று விழுங்கிக்கொண்டாள்.

தினமும் கிளம்பும்போது, "நாளைக்கு வண்டி எடுக்கலாமா டிரைவரே?" என்று அவள் கேட்பாள். அவர் ரைட் என்பார். அதன்பிறகுதான் செருப்பை மாட்டுவாள். இன்றைக்கு அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்க முடியாது.

கட்டிலருகே குனிந்தாள். "டிரைவரே, ரைட்டா?"

சுவர்ப்பக்கம் திரும்பிய தலை அசையவில்லை. சற்று நின்றாள். புது ஆள் வழிவிட்டு ஒதுங்கினான். அவள் அறையை விட்டு வெளியே போனாள்.