பென் டிரைவில் நாலரை கட்டை

அய்யம்பேட்டையைத் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரத்தைப் பார்த்து நடந்தேன். வாலாஜாபாத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவை விட்டு அன்று காலைதான் கிளம்பியிருந்தேன். பையில் ஒரு லுங்கி, இரண்டு சட்டை, போன் சார்ஜர். அரைஞாண் கயிற்றில் பென் டிரைவைக் கட்டியிருந்தேன். சட்டைப்பையில் வைத்த ஒன்றைத் துணியோடு துவைத்துக் கெடுத்த பிறகு வந்த பழக்கம் அது.

அந்தக் குச்சிக்குள் இசை அமைக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. ஓசூரில் ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவன் ஏற்றிக் கொடுத்தது. இலவசமாகக் கிடைப்பதுதான் என்றான். கணினியில் அதைப் பதிய வேண்டியதில்லை. குச்சியைச் செருகினால் அதற்குள் இருந்தபடியே திறக்கும், பிடுங்கினால் நம்மோடு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். சொந்தமாகக் கணினி வாங்கியதில்லை, ஓர் ஊரில் ஆறு மாதம் தங்கியதும் இல்லை. என்னைப் போன்றவனுக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, லாட்ஜ் வரவேற்பு மேசை என்று எங்கே கணினி சும்மா இருந்தாலும் கேட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு காலைக்குள் ஒரு பாட்டுக்குப் பின்னணி இசை முடித்தாக வேண்டும். கூரத்தில் ஒரு பெண் அதற்காகக் காத்திருந்தாள். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சபையில் மைக் செட் போடும் வேலைக்கு நான் போயிருந்தேன். எங்கிருந்தோ இறக்கிய இசையை ஓடவிட்டு அவள் பாடினாள். அது ஆறு கட்டைச் சுருதி. மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். நான் மைக் கம்பியைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து, "என் குரலுக்கு ஏத்த மாதிரி யார்ணா போட்டுக் குடுப்பாங்க?" என்று கேட்டாள். நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நாலரை கட்டை. இந்த ஞாயிறு மறுபடி அவள் முறை. இதிலும் உடைந்தால் இனி வாயே திறக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஸ்டூடியோக்காரர் அன்று காலை என் குச்சி அவர் கணினியில் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டார். வைரஸ் ஏற்றிவிட்டேன் என்று கத்தினார். "அண்ணா, இது உங்க சிஸ்டத்துல எதையும் வைக்காது. எல்லாம் குச்சியிலயே இருக்குது" என்றேன். "அப்ப நீயும் எதையும் வெக்காம கிளம்பு" என்றார். கிளம்பிவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். காஞ்சிபுரத்தில் இறங்கி இரண்டு பிரவுசிங் சென்டரில் கேட்டேன். பென் டிரைவ் என்றதும் இரண்டு இடத்திலும் கையை விரித்தார்கள். பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது, திறந்த கதவு வழியாகக் கணினித் திரை ஒன்று தெரிந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். என் மென்பொருளிலும் தாளம் போடும் இடம் அப்படித்தான் இருக்கும். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாபா வேணும்?" என்றார் உள்ளே இருந்த அம்மா. நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார்.

அது தறிக்கு அட்டை குத்தும் கடை. புடவையின் கரையில் வருகிற மயிலையோ மாங்காயையோ அவர் திரையில் கட்டம் கட்டமாக வரைவார். பக்கத்தில் இருக்கும் இயந்திரம் அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடும். ஓட்டை இருந்தால் அந்த இடத்து இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வந்த வேலையே மறந்துபோனது. என் திரையிலும் அதேதான். கட்டத்தை நிரப்பினால் அடி விழும், விட்டால் விழாது. அதைச் சொல்லி, ஒரு மணி நேரம் கணினி தர முடியுமா என்றேன்.

"பாட்டுக்கா? இதுல ஸ்பீக்கரே கெடையாதேபா."

"இயர்போன் இருக்குதுக்கா. ஒரு காது மட்டும் வேல செய்யும்."

"ஒரு காதுல கேட்டு ஒரு பாட்டா" என்று சிரித்தார்.

செருகுவதற்கு இடமும் இல்லை. முன்பக்கம் இரண்டே துளைகள். பின்பக்கத்து வயர்களை எலி கடித்திருந்தது. ஒன்றில் மவுஸ். இன்னொன்றில் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சி. அவருடைய டிசைன் மென்பொருளுக்கு அதுதான் பூட்டு. அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்குமாம். என்னுடையது குச்சிக்குள்ளேயே குடியிருப்பது, அவருடையது குச்சி இல்லாமல் கதவைத் திறக்காதது. "நான் சாப்புட்டு வர்ற வரைக்கும் உக்காரு. பூட்டத் தொலச்சின்னா எங்க வூட்டுக்காரர் என்னைத் தொலச்சிடுவாரு" என்று சொல்லி அதைப் பிடுங்கி டப்பாவில் வைத்தார்.

பாட்டைத் திறந்தேன். சில கோப்புகளைக் காணவில்லை என்று திரையில் செய்தி வந்தது. சபைப் பெண்களின் கைதட்டலையும் அவர்களுடைய கஞ்சிராவையும் போனில் பிடித்து வைத்திருந்தேன். அவற்றை ஸ்டூடியோக் கணினியின் முகப்புத் திரையில் போட்டு, அங்கிருந்தே பாட்டுக்குள் இழுத்திருக்கிறேன். பாட்டு அந்த இடத்தின் முகவரியை மட்டும் நினைவில் வைத்திருந்தது. சத்தங்கள் வாலாஜாபாத்திலேயே இருந்தன. இடம் போதவில்லை என்று போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டேன். எதையும் வைக்காது என்று காலையில் அவ்வளவு உறுதியாகச் சொன்னவன் நான்தான்.

சந்துக்கு வந்து ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டேன். "ஃபார்மட் பண்ணியாச்சு" என்றார். பிறகு, "இன்னும் என்னென்ன வெச்சுட்டுப் போனே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது வேலூரைத்தான். அங்கே ஒரு பந்தல் கான்ட்ராக்டர் எப்போது வந்தாலும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பஸ் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கூரத்துப் பெண்ணுக்குப் போனில் ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் குச்சி உள்ளே செருகியிருந்தது. எடுத்துவரப் போனேன்.

அம்மா சாப்பிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். சந்துக்கு வரும் முன் நான் காணாமல்போன சத்தங்களுக்குப் பதிலாக மென்பொருளோடு வந்த சாதாரண மேளத்தைப் போட்டிருந்தேன். பதினாறு கட்டம். அவர் அதில் ஏதோ செய்திருந்தார்.

"பாதிதான் ஒழுங்கா போட்டிருந்தே. அந்தப் பக்கம் என்னென்னமோ இருந்துது. திருப்பி வெச்சுட்டேன்" என்றார்.

அவர் கண்ணுக்கு அது ஒரு கரை. கரையில் பாதியை வரைந்தால் போதும், மீதியை அப்படியே திருப்பி ஒட்டுவார்கள். இடது மயில் வலது மயிலைப் பார்க்கும். என் தாளத்தின் முதல் எட்டுக் கட்டத்தை அவர் கண்ணாடியில் பார்ப்பது போல அடுத்த எட்டில் திருப்பிப் போட்டுவிட்டார். ஒன்று, மூன்று, நான்கு, ஆறு. ஏழும் எட்டும் காலி. திருப்பியதும் ஒன்பதும் பத்தும் காலி. பிறகு பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு, பதினாறு.

பழையபடி மாற்றக் கை போனது. எப்படித்தான் இருக்கும், கேட்டுவிட்டு மாற்றலாம் என்று தோன்றியது. கேட்டேன். நடுவில் நாலு கட்டம் ஒன்றுமே இல்லாமல் போய், தாளம் வந்த வழியே திரும்பி நடந்தது. நல்லதா கெட்டதா என்று ஒரு காதை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

நாலு மணிக்குக் கூரத்துப் பெண்ணுக்கு டீ இடைவேளை, அதுவரை அம்மா என்னை உட்காரவிட்டார். போன் போட்டு, இயர்போனை அதன் வாயில் அழுத்திப் பிடித்தேன். அவள் மெல்லப் பாடிப் பார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி பாடினாள்.

"நடுவுல காலியா வுட்டிருக்கியேணா, அங்க மூச்சு எடுத்துக்கறேன். மேல போறதுக்குச் சரியா இருக்குது. அத மட்டும் எடுத்துடாத."

"வேற?"

"கடைசியில ரெண்டு வாட்டி தட்டுது. கடன்காரன் கதவத் தட்டற மாதிரி."

பதினாறும் அடுத்து வருகிற ஒன்றும் ஒட்டிக்கொண்டு விழுந்ததைச் சொன்னாள். பதினாறை அழித்தேன். பின்னால் நின்ற அம்மா, "ஐய, கரை கோணலாப் பூடும்பா" என்றார்.

"கேக்கறதுக்கு நேரா இருக்குதுக்கா."

"இன்னாவோ போ" என்று, என் குச்சியைப் பிடுங்கச் சொல்லிப் பூட்டை எடுத்து நீட்டினார். நெசவாளி ஒருவர் மயில் அட்டைக்காக வந்து வாசலில் காத்திருந்தார். பாட்டை முழுசாகக் கோர்த்து ஒரே கோப்பாக மாற்றும் வேலை பாக்கி. அந்தப் பழைய கணினியில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

"நாளைக்கு மத்தியானம் வரட்டுமாக்கா?"

"சும்மா வந்து எதுக்கு வாசல்ல நிக்கணும்? அட்டை கோக்கற ஆளு மாமியார் ஊருக்குப் பூட்டாரு. காலையில வந்து கோத்துக் குடு. கூலி தர்றேன். நான் சாப்புடப் போறப்போ மிஷின் உனுக்கு."

அன்றிரவு பஸ் நிலையத்தில் படுத்தேன். வேலூர் வண்டிகள் புறப்படுவது அங்கிருந்தே தெரியும். காலையில் முகம் கழுவி, செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன்.

வேலை இதுதான். குத்திய அட்டைகளை எண் வரிசைப்படி பலகையில் அடுக்கி, ஓரத்து ஓட்டைகளில் கயிறு விட்டு ஒன்றோடு ஒன்றாகக் கட்ட வேண்டும். ஒரு அட்டை இடம் மாறினாலும் புடவை காட்டிக்கொடுத்துவிடும் என்றார் அம்மா. முதல் ஐம்பதுக்கு விரல் எரிந்தது. பிறகு பழகிவிட்டது. ஓட்டைகளைப் பார்த்து எந்த இடத்தில் இழை தூக்கும் என்று மனதுக்குள் தட்டிப் பார்த்துக்கொண்டே கோர்த்தேன்.

மத்தியானம் அவர் பூட்டைப் பிடுங்கினார், நான் இடுப்பிலிருந்து அவிழ்த்துச் செருகினேன். அவர் சாப்பிட்டுத் திரும்பும்போது கோப்பு தயார். போனில் ஏற்றி அனுப்பினேன். டீ நேரத்தில் அவள் பாடிப் பதிந்து அனுப்பினாள். மேலே போகிற இடத்துக்கு முன்னால் அவள் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு குரல் உடையவில்லை.

அம்மாவிடம் இயர்போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. கடைசிக் கட்டந்தான் ஒண்ணு கொறயுது" என்றார்.

நான் கோர்ப்பதை இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டையில் விட்டிருந்தேன். உட்கார்ந்து, அடுத்த அட்டையை எடுத்தேன்.