சந்தனம் வைத்த டிஸ்க்

தசரா முதல் நாள்தான் என் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தேன். ஒன்பது நாள் பூனைபோல் அமைதியாக இருந்தது. பத்தாம் நாள் காலையில் பொத்தானை அழுத்தினேன். ஓடும் மிக்ஸிக்குள் கரண்டி விழுந்ததுபோல் ஒரு சத்தம். நாற்பது எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் கரண்டி.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். அவர் டைல்ஸ் போடும் மேஸ்திரி. எந்தச் சத்தமானாலும் அவருக்கு டைல்ஸ் கட்டரோடுதான் ஒப்பீடு.

"நம்ம கட்டருகூட இப்பிடிக் கத்தாது கண்ணு. பழகறவரைக்கும் காதுல பஞ்சு வெச்சுக்க."

வேறு எந்த வாரமாக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மாடி வீட்டு அக்கா வருவதாக இருந்தது. அக்கா பிளவுஸ் தைப்பவர். புதிதாக எம்பிராய்டரி மெஷின் வாங்கியிருந்தார். டிசைன் போட அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் வாங்குவதா, என்னையே கட்டச் சொல்வதா என்பதை என்னுடையதைப் பார்த்த பிறகு சொல்வதாக இருந்தார். தனக்குத் தானே கட்டிக்கொள்வதில் என்ன பெருமை? இன்னொருவர் நம்பிக் கேட்டு, அவருக்குக் கட்டிக் கொடுத்தால்தான் எனக்குக் கட்டத் தெரியும் என்று அர்த்தம். அந்த ஒருவர் வரப்போகும் நேரம் பார்த்தா கரண்டி விழ வேண்டும்?

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஒவ்வொரு ஃபேனாக ஒயரைப் பிடுங்கி, ஒரு நொடி ஓடவிட்டுப் பார்த்தேன், இல்லை. பிறகு ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் செய்வதுபோல் ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் மெல்லிய முனகல், அவ்வளவுதான். மேலே இருந்த டிவிடி டிரைவில் வைத்தபோது காது அதிர்ந்தது. அதன் ஒயரைப் பிடுங்கினேன்; சத்தம் போச்சு. செருகினேன், வந்தது. குற்றவாளி சிக்கியாயிற்று.

டிரைவையே கழற்றி வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அது இருப்பதே அம்மாவுக்காக. "நீ என்னத்தையோ கட்டிக்க. சித்தி கல்யாண டிஸ்க்கு அதுல ஓடோணும்" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால்தான் மண்டி மொஹல்லாவில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில் அந்த டிரைவைத் தேடி வாங்கினேன். போதாததற்கு, அந்தக் கல்யாணத்தில் சித்தி போட்டிருந்த பிளவுஸின் கை வேலைப்பாட்டைப் பார்த்து வரைய வேண்டும் என்று மாடி வீட்டு அக்காவும் சொல்லியிருந்தார்.

டிரைவின் நான்கு திருகுகளையும் இறுக்கினேன், தளர்த்தினேன், அடியில் ரப்பர் வைத்தேன். கரண்டி அசரவில்லை. சனிக்கிழமை அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே வழி கிடைத்து உள்ளே நுழைந்ததும் கடைக்காரரிடம் படபடவென்று ஒப்பித்தேன்: மோட்டார் தேய்ந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், லென்ஸ் நகரும் தண்டில் பல் உடைந்திருக்கலாம்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கன்னடத்தில் ஆரம்பித்தார். "எல்லா சரி அம்மா. உள்ள டிஸ்க் ஏனாதரூ இதெயா?"

"இல்லை சார். டிஸ்க் அம்மாகிட்ட கவர்ல பத்திரமா இருக்கு."

அவர் ஒரு குண்டூசியை நிமிர்த்திப் பிடித்து, முன்பக்கச் சிறு துளையில் குத்தினார். தட்டு வெளியே வந்தது. அதில் சித்தியும் சித்தப்பாவும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். ஸ்டுடியோக்காரர் டிஸ்க்கின் மேலேயே அச்சடித்துக் கொடுத்த படம். இருவர் நெற்றியிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

கடைக்காரர் அந்தத் தம்பதியைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார்.

"மதுவெ சரி. ஊட்டா எல்லி அம்மா?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு நான் எங்கே போவேன்? டிஸ்க்கையும் டிரைவையும் துண்டுக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் யோசித்ததில் விளங்கியது. ஆயுத பூஜை அன்று, படம் போடலாம் என்று டிஸ்க்கைத் தட்டில் வைத்தேன்; பூஜை முடியட்டும் என்று தட்டை மூடாமலே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அப்பாவின் ஸ்கூட்டரைக் கழுவப் போனேன். அந்த இடைவெளியில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது தட்டு மூடியிருந்தது, அம்மா கையில் கவர் இருந்தது. கவர் காலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொத்தானை அழுத்தியதும் டிரைவ் உள்ளே இருக்கும் டிஸ்க்கைச் சுழற்றிப் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும். இத்தனை பாகத்தையும் காது வைத்துக் கேட்டவள், தட்டை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னதும் அப்பா ஆரம்பித்தார். "உசுரோட இருக்கறவங்க படத்துக்கு ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"கல்யாணக் கோலத்துல இருக்கறவங்க சாமிக்குச் சமம். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மா.

நான் ஈரத் துணியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்றே?"

"துடைக்கறேன்மா. நாளைக்கு அக்கா வர்றாங்க."

"கல்யாணப் பொண்ணு நெத்தியில இருக்கற குங்குமத்தயா? எந் தங்கச்சி அங்க நல்லா இருக்கறா. துணியக் கீழ வை."

அந்தக் குரலுக்கு மேல் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விளக்கிப் பார்த்தேன். வாஷிங் மெஷினில் துணியெல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மெஷின் ஆடுமே, அதுபோலத்தான் இதுவும் என்றேன். அம்மா டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பக்கமும் கொஞ்சம் துணி போடோணும். அவ்வளவுதானே?"

இன்ஜினியரிங் படிப்பவள் நான். யோசனை சொன்னது அவர். நெற்றிகளுக்கு நேர் எதிரே, படத்தின் கீழ் விளிம்பில் ஸ்டுடியோ முகவரி இருந்தது.

"ஸ்டுடியோக்காரருக்குமா பொட்டு?" என்றேன்.

"அவரும் ரெண்டு நாள் தூங்காமதான் நின்னாரு. வெக்கலாம், தப்பில்ல."

அம்மா தீக்குச்சி முனையால் சந்தனம் தொட்டு வைக்க, ஃபேன் காற்றில் காயவிட்டு, நான் ஓடவிட்டேன். முதல் தடவை கரண்டி ஸ்பூனாகச் சிறுத்தது. இன்னும் ஒரு துளி. ஸ்பூன் போய் ஆட்டோ உறுமும் அளவுக்கு இறங்கியது. இன்னும் அரைத் துளி. ஐந்தாவது தடவை டேபிள் ஃபேன் அளவுக்கு ஒரு 'ம்ம்' மட்டும். நிம்மதியில் நான் செய்த முதல் வேலை, டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்ததுதான். எடுத்து முடித்ததும் அம்மா டிஸ்க்கை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு அக்கா வந்தார். பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடந்ததை அக்காவிடம் சொல்வதாக இல்லை. அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் காபி கொண்டு வந்த அம்மா, மண்டி மொஹல்லா குண்டூசி முதல் ஸ்டுடியோக்காரர் பொட்டு வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். நான் மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. பிறகு சித்தியின் பிளவுஸ் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, மாங்காய் வேலைப்பாட்டை நோட்டில் வரைந்துகொண்டார். நோட்டை மூடிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்னென்ன வாங்கணும்னு நாளைக்கு லிஸ்ட் எழுதிக் குடு. ஆனா ஒண்ணு. எங்க மாமியார் உங்கம்மாவுக்கு மேல. பொட்டு எங்க வெக்கலாம், எங்க கூடாதுன்னு இப்பவே சொல்லிடு, ஆயித்தா?"

அக்காவின் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்த அன்று, மூடியை மாட்டுவதற்கு முன், கேபினெட்டின் முன்பக்கம் சரியாக நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து பென்சிலால் வட்டம் போட்டேன். உள்ளே ஒயர் எதுவும் ஓடாத இடம் அது. எத்தனை கனமாக வேண்டுமானாலும் வைக்கலாம்.