தோற்கும் அணிக்குச் சீட்டு விற்ற காலம்

சீட்டு விற்கிற ஜன்னலுக்கு ஏன் அவ்வளவு தடித்த கண்ணாடி போடுகிறார்கள் என்பது தோற்கும் அணிக்குச் சீட்டு விற்றவர்களுக்குத்தான் விளங்கும். ரொறன்ரோவில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் மைதானத்தில், கடைசி வருட இலையுதிர்காலம் முழுவதும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுகிற ஃபுட்போல். எங்கள் ஆட்கள் விழுவதில் கெட்டிக்காரர்கள்.

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது வெல்லாவிட்டால் கோச்சுக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். கோச்சை நேரே போய் ஏச முடியாதவர்கள் என்னிடம் வந்தார்கள். திருப்பிக் கதைக்கத் தெரியாத என்னைவிட அதற்குத் தோதான ஆள் கிடைத்திருக்காது. எந்தக் கவுண்டருக்குப் பின்னாலாவது ஒரு நாள் நின்றிருந்தால், மிச்சம் உங்களுக்கே தெரியும்.

அஜின்கோர்ட் அங்கிள்

முதல் ஆட்டத்திலிருந்தே அஜின்கோர்ட்டில் இருந்து ஒரு தமிழ் அங்கிள் வருவார். அவருடைய மகன் அணியில் மாற்று ஆட்டக்காரன். பெரும்பாலும் மைதான ஓரத்து வாங்கில்தான் உட்கார்ந்திருப்பான். “பிள்ளை, உவர் என்ன கோச்? என்ரை பெடியனை இருத்தி வைச்சுக்கொண்டு எப்பிடி வெல்லுறது?” என்று சீட்டு வாங்கும்போதே தொடங்கிவிடுவார். மகன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அப்பா, ப்ளீஸ், போய் இருங்கோ” என்று கெஞ்சுவான்.

மூன்றாம் ஆட்டத்தில் கோச் மகனை இறக்கினார். அன்றைக்குத்தான் அந்த வருடத்தின் மிகப் பெரிய தோல்வி. ஆட்டம் முடிந்ததும் அங்கிள் முகமெல்லாம் சிரிப்பாக ஜன்னலுக்கு வந்தார்: “இண்டைக்குத்தான் பிள்ளை, மனுசன் கொஞ்சம் மூளையைப் பாவிச்சவர்.”

கருத்துப் பெட்டி

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டி இருந்தது. திங்கட்கிழமைகளில் அதைத் திறந்து, எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கோச்சின் மேசையில் வைப்பது என் வேலை. வாசிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். “இந்தக் கோச்சைவிடப் புல்வெட்டும் மெஷினுக்கு ஆட்டம் நன்றாக விளங்கும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “மைதானப் பராமரிப்பு சிறப்பு, பயிற்சியில் முன்னேற்றம் தேவை” என்று தட்டச்சு செய்தேன். மற்றவற்றையும் அதேமாதிரிப் பதமாக்கினேன். பெரிய உதவி செய்ததாக நினைப்பு.

இரண்டு கிழமை கழித்து கோச் அந்தத் தாளோடு வந்தார். பெரிய உடம்பு, மெதுவான குரல். முகத்தில் உண்மையான கவலை. “ஒருவருமே என்னைத் திட்டவில்லையே. ஆட்கள் வருவதை விட்டுவிட்டார்களா?”

தொப்பி இல்லாத கோச்

அதற்குப் பிறகு ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள், மனைவிக்குச் சீட்டு எடுக்க அவரே வரிசையில் வந்து நின்றார். தொப்பியும் ஹெட்செட்டும் இல்லாமல் அவரை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற பழைய மாணவர் ஒருவருக்குத் தெரியவே இல்லை. “இந்தக் கோச்சை எப்போதுதான் துரத்துவார்கள்?” என்று அவரிடமே கேட்டார்.

“நாளைக்கும் தோற்றால் நிச்சயம்” என்றார் கோச்.

“யார் சொன்னது?”

நான் குனிந்து, இல்லாத ஒரு பேனாவைத் தேடினேன். கோச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “அவருடைய மனைவி.”

ஒரு தட்டு ரோல்ஸ்

கடைசி ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம். நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொது இடத்தில் கத்தினேன். பிறகு எதிரணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

சனம் கலைந்தது. அங்கிள் மட்டும் பெரிய அலுமினியத் தட்டோடு நின்றார். பிறந்தநாளோ செத்தவீடோ, எங்கள் சனத்துக்கு உள்ளே உறைப்புக் கறி வைத்துப் பொரித்த ரோல்ஸ் ஒரு தட்டு வேண்டும். வென்றால் பெடியங்களுக்குக் கொடுக்கவென்று விடியவே சொல்லிச் செய்வித்ததாம். வெளியே வந்த கோச்சுக்கு முன்னால் தட்டை நீட்டினார். கோச் நின்ற நிலையிலேயே மூன்று சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியது. உறைப்பில்தான் என்று நானும் அங்கிளும் எடுத்துக்கொண்டோம்.

அவர் கார் போன பிறகும் அங்கிள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். “உவரையும் அனுப்பிப்போட்டு, இனி நாங்கள் ஆரைப் பிள்ளை ஏசுறது?”

இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் ஒரு அலுவலகத்தில், யாரும் குரல் உயர்த்தாத நல்ல வேலையில் இருக்கிறேன்; அங்கே யாருக்கும் எதைப்பற்றியும் அவ்வளவு அக்கறை இல்லை என்பதுதான் ஒரே குறை.