மாற்றிவிட்டேன் என்று தணிகாசலம் சாரிடம் சொன்னேன்

போன புதன்கிழமை காலை பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். அமுதா டீச்சர் வாசலில் வந்து கையசைத்தார். வினாத்தாள் ஏதோ மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனேன். "பி.டி. சார் போயிட்டாராம் சார். ஸ்கூலுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். மாரடைப்பு. உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இனி யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியைப் படிக்க எனக்கு உரிமை இல்லை.

இருபத்திரண்டு வருடம் இந்த மைதானத்தில் விசில் ஊதிய தணிகாசலம் சாரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு விளையாட்டு விழாவில், எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்த குப்பத்துப் பெண் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஓடி முடித்தாயிற்று. மேடையில் விருந்தினர் பரிசு கொடுக்க எழுந்துவிட்டார். சார் மைதானத்தின் குறுக்கே ஓடி அவளிடம் போனார். அவள் நடந்தபோது நடந்தார், ஓடியபோது ஓடினார். நேரமாகிறது என்று தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். "ஓட்டம் இன்னும் முடியலன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டு, முடிவுக் கோட்டைத் தொடும்வரை அவள் பக்கத்திலேயே வந்தார். அந்தப் பெண் இப்போது கேளம்பாக்கத்தில் நர்ஸ். சாவு வீட்டில் அவள் அழுததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அவரும் அமுதா டீச்சரும் நானும் செங்கல்பட்டுக்காரர்கள். திருக்கழுக்குன்றம் வழியாக என் காரில்தான் மூவரும் பள்ளிக்கு வந்துபோவோம். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திரும்பும் வழியில் முன்பக்கத்து இடது டயர் பஞ்சரானது. சாரே இறங்கி ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினார். அது பழைய டயர், நெடுநாள் தாங்காது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம்.

கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோட்டில் படும் இடத்தில் குத்தியிருந்தால் ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்றார். "இது சைடுல கீது சார். ஓட ஓட அந்த எடம் மடங்கி மடங்கி விரியும். ஒட்டு நிக்காது. வேற டயர் போட்டுக்குங்க."

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத டயர் அது. நான் இயற்பியல் ஆசிரியர். காற்றழுத்தம் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறவன். உள்ளே அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதானே, ஓட்டை எங்கே இருந்தால் என்ன என்று அந்த மனிதருக்கு வகுப்பு எடுத்தேன். அவர் டயரை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். நான் விடாமல் வற்புறுத்தவே, உள்பக்கமாக ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்து, ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள், இரண்டு நாளில் மாற்றிவிடுங்கள் என்றார். தணிகாசலம் சார் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "டெய்லி பத்து டயரு பாக்குறவன் சொல்றான். மாத்திடுங்க சார்." நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. கையில் பணம் இருந்தது, நேரமும் இருந்தது. ஒட்டிய டயரையே மாட்டிப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை காரில் ஏறும் முன் சார் கேட்டார்: "மாத்திட்டீங்களா சார்?"

"மாத்திட்டேன்" என்றேன்.

டயரின் பக்கவாட்டில் அந்தக் கீறல் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. குனிந்திருந்தால் பார்த்திருப்பார். அவர் குனியவில்லை. ஏறி முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் காலை, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் அந்த டயர் வெடித்தது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் மோதியது. அமுதா டீச்சருக்கு நெற்றியில் காயம். எனக்குக் கீறல்கூட இல்லை. சாரின் இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

அவரைத் தூக்கி மண்ணில் படுக்க வைத்தோம். கிழிந்த டயர் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. கிழிசலுக்குள் அந்த ஒட்டு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மீன் கூடையோடு மொபெட்டில் வந்த ஒருவர் ஓடிவந்து இன்னா ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் சாரே சொன்னார்: "கல்லு மேல ஏறிடுச்சு நைனா."

டயர் வெடித்த சமயம் எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதில் மோதாமல் நான் சாமர்த்தியமாக வண்டியை ஒடித்தேன் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியது. உண்மையில் ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவே இல்லை. ஆனாலும் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் கும்பிட்டேன்.

ஐந்து மாதம் கழித்துச் சார் காலை இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையோடும் அவரால் ஓட முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினார். என் காரிலும் ஏறவில்லை. காலை நீட்டிக்கொள்ள பஸ்தான் வசதி என்று எல்லோரிடமும் சொன்னார். அவ்வளவு கூட்டமான பஸ்ஸில் கால் நீட்ட இடம் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடம் பொறுத்து, விளையாட்டுச் சாமான் அறையில் அவர் தனியாக இருந்தபோது போய் நின்றேன். அந்த டயர் என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார். வாலிபால் வலையைச் சுருட்டி முடித்துவிட்டு, கோபம் இல்லாமல் சொன்னார்:

"ஒட்டறதா மாத்தறதா, அது உங்க வண்டி, உங்க முடிவு. ஏறலாமா வேணாமான்றது என் முடிவு சார். மாத்தலன்னு சொல்லியிருந்தா நான் பஸ்ல போயிருப்பேன். அந்த முடிவையும் நீங்களே எடுத்துக்கினீங்க."

அப்படியானால் கல் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அடிபட்ட இடத்தில் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டு அடிக்கும் என்று பயந்தாராம். "அப்புறம் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதன் பிறகும் மூன்று வருடம், அவரைத் தினமும் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் இருந்தேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி மல்லிகா அம்மா என்னை உறவினர்களுக்குக் காட்டி, அன்று வண்டியை ஒடித்துத் தன் கணவரின் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்றார். அங்கும் தலையாட்டினேன். மூன்று நாள் கழித்துத் திரும்பப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"நாலு வருஷம் அந்தக் காலுக்குத் தைலம் தேச்சேன் சார். ஒரு நாளும் அவரு உங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கை தட்டுனாங்களே, அவங்களுக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச என்னைத்தான் கேட்டார்கள், அவருக்கு நெருங்கியவன் என்று நினைத்து. ஆகவே சொல்லிவிட்டேன். இதனால் அவர் கால் சரியாகப் போவதில்லை. இதைக் கேட்க அவரும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நானே சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி ஒருவர் நினைத்திருந்தார். அவர் இருந்தவரை நான் அப்படிப்பட்ட ஆளாக இருக்கவில்லை.