ஆங்கிளர் என்றால் யார்?

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: மாணவர் கேட்கும் கடினமான சொல்லைவிட, தெரிந்த மாதிரி பதில் சொல்லிவிடும் நம் வாய்தான் ஆபத்து. திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் ஆறு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன்.

கோணம் அளப்பவர்

கனகம்மாசத்திரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முனிரத்தினம், நாற்பது வயதில் வெளிநாட்டு வேலைக்காகப் படிக்க வந்தார். அன்றைய பாடத்தில் 'ஆங்கிளர்' என்ற சொல் வந்தது. எனக்கு அர்த்தம் தெரியாது. ஆங்கிள் என்றால் கோணம், ஆகவே ஆங்கிளர் என்றால் கோணம் அளப்பவர், சர்வேயர் மாதிரி என்று வழக்கம்போலத் தயங்காமல் சொன்னேன். முனிரத்தினம் புத்தகத்திலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அளக்கறவரு எதுக்கு மேடம் ஏரிக்கரையில குச்சிய நீட்டிக்கினு குந்தியிருக்காரு?"

வளைந்த இரும்பு

வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் ஆங்கிள் என்றால் தூண்டில் முள்ளாம். ஆங்கிளர், தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர். கணக்குப் பாடத்து ஆங்கிள் லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். ஆனால் இரண்டுக்கும் அடியில் 'வளைவு' என்ற ஒரே வேர் இருக்கலாம் என்கிறார்கள். மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு இதைச் சொன்னேன். முனிரத்தினத்துக்கு ஆச்சரியமே இல்லை.

"பட்டறையில ஆங்கிள்னாலே மடங்கின இரும்புதாங்க. நேத்தே என்னைக் கேட்டிருக்கலாம்."

தறி நின்றது

அப்போதுதான் லலிதா நினைவுக்கு வந்தாள். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டிக்கொண்டு, அரசாங்க வேலைத் தேர்வுக்காகப் போன வருடம் என்னிடம் படித்தவள். அவளுக்கும் அதே 'கோணம் அளப்பவர்' பாடம்தான் நடத்தியிருந்தேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

தறிச் சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி சொன்னேன். கையில் ஒட்டியிருந்த நூலைப் பிரித்தபடியே, "அந்தக் கேள்வி வந்துச்சுங்க. நீங்க சொன்னதுக்குத்தான் டிக் போட்டேன்" என்றாள். தேர்வில் அவள் தேறவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளே தொடர்ந்தாள்.

"அந்த ஒண்ணால மட்டும் போகலைங்க, மேடம். திரும்ப எழுதறேன். இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க, நாங்களே தேடிக்கிறோம்."

இப்போதெல்லாம் என் மாணவர்கள் முதலில் சரளமாகப் பேசும் ஆங்கில வாக்கியம் 'ஐ டோன்ட் நோ'தான், தினமும் என் வாயால் கேட்டுப் பழகியதால்.