சத்தம் ஆகாத அறை

காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். வள்ளி வாய் திறக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, அடம்பிடிக்கிறாள் என்று அதட்டினேன். பற்கள் இறுகியிருந்தன. முகம் மட்டும் சிரிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அறுபதுகளின் கடைசி அது. எங்களுக்கு அமராவதிபுதூர். முந்தின வாரம்தான் காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் அவளுக்குக் காது குத்தினோம். முகூர்த்த நாள், கடை நிறையப் பிள்ளைகள். கடைக்காரர் ஒரே தங்கக் கம்பியால் ஒவ்வொரு காதாகக் குத்தி, மடியில் கிடந்த துணியில் துடைத்துக்கொண்டார். வெந்நீரில் போட்டு எடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"தங்கத்துக்கு ஏது ஆத்தா தீட்டு? சும்மா பயப்படுறீக" என்று சிரித்தார். இரத்தம் கசிந்த இடத்தில் டப்பாவிலிருந்த சாணிச் சாம்பலை எடுத்து அப்பினார். தங்கம் பட்ட புண் சீழ் பிடிக்காது என்றுதான் எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதைப் பார்த்ததும் டெட்டனஸ் (ரண ஜன்னி, புண்வழி புகுந்த கிருமியின் விஷம் தசைகளை முறுக்குவது) என்றார். சீரம் (விஷத்தை முறிக்கும் ஊசிமருந்து) போட்டார்கள். பிறகு என்னைத் தனியே அழைத்தார். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் பிள்ளைக்கு இழுப்பு வரும், மூச்சு அடைக்கும் என்றார்.

"நினைவு தெளிவா இருக்கும்மா. வலி முழுசும் தெரியும். அறையில ஒரு சத்தம் ஆகாது."

என் பேச்சு மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அப்படிப்பட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தடவப் போனபோது என் கண்ணாடி வளையல்கள் உரசின. அவ்வளவுதான், பிள்ளை வில்லாக வளைந்துவிட்டாள். வெளியே வந்து வளையல்களையும் கொலுசையும் கழற்றிப் போட்டேன்.

என் கணவரின் அக்கா, மதினி, பார்க்க வந்தார். என் வெறுங்கை அவர் கண்ணில் பட்டது.

"என் தம்பி உசுரோட இருக்கான். இது என்ன கோலம்? மொதல்ல வளையலைப் போடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வழியில்லை. நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். அவர் கை வளையல்கள் குலுங்கியதும் வள்ளியின் முதுகு கட்டிலைவிட்டு எழும்பியது. மதினி வெளியே வந்து, இறுகிய வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றினார். பிறகு வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

அந்த அறையில் பகல் எது, இரவு எது என்று தெரியவில்லை. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் கிடைத்ததுதான் எங்களுக்குப் பொழுது. ஒரு முறை வள்ளி என் விரலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பிழைத்துவிடுவாள் என்றே நம்பினேன். அதற்கு அடுத்து வந்த இழுப்பில் மூச்சு திரும்பவில்லை.

நர்சு ஜன்னலைத் திறந்துவிட்டார். "இனிச் சத்தம் போடலாம்மா" என்றார்.

மதினி ஓவென்று அழுதார். என் கை எழுந்துபோய் அவர் வாயைப் பொத்தியது.

இதைப் படிக்கிற தாய்மாரே, எவ்வளவு பெரிய கடையானாலும் உங்கள் கண்ணெதிரே காது குத்தும் கம்பியைக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள். சாம்பலைத் தொடவிடாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிட்டுக் காது குத்துங்கள். கடைக்காரர் சிரித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பிற்பாடு வளையல் போட்டுக்கொண்டேன். எங்கே ஒரு பிள்ளை தூங்கினாலும், என் ஒரு கை போய் மறுகையின் வளையல்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது.